ரிப்போர்ட்டர் வேலையில இருந்துக்கிட்டே தத்தெடுக்கப் போறீங்களா? நான் மாட்டின இடத்துல நீங்க மாட்டிக்காதீங்க

நான் தத்தெடுக்க ரெஜிஸ்டர் பண்ணது 2020 ஜூலை. பாப்பா வீட்டுக்கு வந்தது 2023 ஏப்ரல். நடுவுல இருந்த ரெண்டே முக்கா வருஷத்துல நான் பண்ண தப்புகளை எழுதினாலே ஒரு ஸப்ளிமென்ட் போடலாம். ஊரான் ஃபைலுக்கெல்லாம் ஆர்டிஐ போட்டு எடுக்கற ஆளு நான், என் ஃபைல்னு வந்ததும் கையும் ஓடல காலும் ஓடல. நான் சென்னையில ஒரு பத்திரிகையில ரிப்போர்ட்டர், கல்யாணம் பண்ணிக்கல, வீட்டுல அம்மா மட்டும். தனியா தத்தெடுக்கற பொண்ணுங்களுக்கு இது நேரடியா உதவும், தம்பதிகளுக்கும் முக்காவாசி பொருந்தும். குழந்தை பேரைச் சொல்லாம பாப்பான்னே எழுதறேன், ஏன்னு 8-ல சொல்றேன்.

1. முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படிங்க

சிரிக்காதீங்க. பத்து வருஷமா ஒரே ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குக் கூட தான் பேரோல்ல இருக்கற சம்பள ஆளா, ஒப்பந்தத்துல மாசத் தொகை வாங்கற ரீடெய்னரான்னு தெரியாது. வரி பிடிச்சதுக்கு ஆபீஸ் குடுக்கற பேப்பர் ஃபார்ம் 16-ன்னா நீங்க ஸ்டாஃப். 16ஏ வருதுன்னா ஆபீஸ் கணக்குல நீங்க வெளியாளு, லீவ் சட்டம் பேசிக்கிட்டுப் போனா எச்ஆர் அந்தப் பேப்பரைத்தான் எடுத்து நீட்டுவாங்க. எழுதின அளவுக்கு மட்டும் காசு வாங்கற (லைனேஜ்) ஸ்ட்ரிங்கர்னா லீவுங்கற பேச்சே கிடையாது, அதனால குழந்தை வர்ற மாசத்துல இருந்து குறைஞ்சது ஆறு மாச வீட்டுச் செலவை இப்பவே ஒதுக்க ஆரம்பிங்க.

அதைவிட முக்கியம், வருமானம் கம்மியா இருந்தாலும் வருஷா வருஷம் ஐடி ரிட்டர்ன் போட்டு வைங்க. தத்தெடுக்க ரெஜிஸ்டர் பண்ற அரசு போர்ட்டல்ல வருமானத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, அதுக்கு சேலரி ஸ்லிப் இல்லன்னா ஐடி ரிட்டர்ன் காட்டலாம். நாலு இடத்துல எழுதி நாலு அக்கவுன்ட்ல பணம் வாங்கறவங்களுக்கு அந்த ஒரு பேப்பர்தான் எல்லாத்தையும் சேத்துக் காட்டும்.

2. டாக்குமென்ட் எல்லாம் கையில வச்சுக்கிட்டு அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணுங்க

இந்தியாவுல அனாதையான, கைவிடப்பட்ட, இல்ல பெத்தவங்களே ஒப்படைச்ச குழந்தையைத் தத்தெடுக்கணும்னா காராங்கற மத்திய அமைப்போட போர்ட்டல் வழியாத்தான் போகணும். ரெஜிஸ்டர் பண்ணா 30 நாளுக்குள்ள எல்லா டாக்குமென்ட்டையும் ஏத்திடணும். நான் ஒரு நைட் ஷிஃப்ட்ல, ரெண்டாவது எடிஷன் போனப்புறம், ஒரு வேகத்துல ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். அப்புறம் 30 நாளும் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கும் ரெஃபரன்ஸ் லெட்டருக்கும் ஓடினேன். நீங்க மாத்திப் பண்ணுங்க.

கையில இருக்க வேண்டியது: போட்டோ, பான், பிறந்த தேதிக்கு ஆதாரம், வீட்டு முகவரிக்கு ஆதாரம், போன வருஷ வருமானத்துக்கு ஆதாரம், தீராத நோயோ தொத்து நோயோ இல்ல குழந்தை வளர்க்க உடம்பு தகுதியா இருக்குன்னு டாக்டர் குடுத்த சர்டிபிகேட், தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட ரெஃபரன்ஸ் லெட்டர். கல்யாணம் ஆனவங்கன்னா மேரேஜ் சர்டிபிகேட், விவாகரத்துன்னா கோர்ட் உத்தரவு. என்னை மாதிரி தனி ஆளுன்னா இன்னொண்ணும் ரெடி பண்ணுங்க, நமக்கு ஏதாவது ஆயிட்டா குழந்தையை நான் பாத்துக்கறேன்னு ஒரு சொந்தக்காரங்க எழுதிக் குடுக்கற உறுதிமொழி. என் தம்பி உடனே சரின்னுட்டான். ஆனா அவன் பொண்டாட்டிகிட்டயும் உக்காந்து பேசிட்டுத்தான் நான் கையெழுத்து வாங்கினேன், ஏன்னா பின்னாடி அந்த வீட்டுக்குத்தானே பாப்பா போகணும்.

ரெஃபரன்ஸ் லெட்டருக்கு எம்எல்ஏ, ஐஏஎஸ்னு பீட்ல (நாம செய்தி சேகரிக்கற துறையில) தெரிஞ்ச பெரிய ஆளுங்களைப் பிடிக்காதீங்க, நானும் அதான் யோசிச்சேன். உங்களை தினமும் பாக்கற பக்கத்து வீட்டுக்காரங்க எழுதினா அதுல நிஜமா விஷயம் இருக்கும், பெரிய ஆளு லெட்டர்ல லெட்டர்ஹெட் மட்டும்தான் இருக்கும்.

வயசு வரம்பு பாத்துக்கோங்க. 2022 விதிப்படி, தனியா தத்தெடுக்கறவங்களுக்கு ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைன்னா 40, ரெண்டுலேர்ந்து நாலுன்னா 45, நாலுலேர்ந்து எட்டுன்னா 50, அதுக்கு மேலன்னா 55. தம்பதின்னா ரெண்டு பேர் வயசையும் கூட்டி முறையே 85, 90, 100, 110. ரெஜிஸ்டர் பண்ற தேதியில உள்ள வயசுதான் கணக்கு. எலெக்ஷன் முடியட்டும், ப்ரமோஷன் வரட்டும்னு தள்ளிப்போட்டுத்தான் என் ஃப்ரெண்டு ஒருத்தி கைக்குழந்தைக்கான வரம்பைத் தாண்டிட்டா. தனிப் பொண்ணு ஆண் குழந்தை, பெண் குழந்தை ரெண்டுமே தத்தெடுக்கலாம்.

3. ஹோம் ஸ்டடி: உங்க வேலை நேரத்தை மறைக்காதீங்க

டாக்குமென்ட் ஏத்தினப்புறம் 60 நாளுக்குள்ள ஒரு சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்கு வந்து பாத்துப் பேசி ரிப்போர்ட் எழுதுவாங்க. இந்த ரிப்போர்ட் 3 வருஷத்துக்கு செல்லும், அதுக்குள்ள குழந்தை கிடைக்கலன்னா திரும்பப் பண்ணணும், தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க.

எல்லாரும் வீட்டைத் தொடைச்சு ஒட்டடை அடிச்சு வைப்பாங்க. வந்தவங்க என் வீட்டைப் பெருசா பாக்கவே இல்ல. கேட்ட முதல் கேள்வி, "நைட் எத்தனை மணிக்கு வருவீங்க?" நான் "ஏழு, ஏழரைக்கெல்லாம் வந்துருவேன்"னேன். பக்கத்துல உக்காந்திருந்த எங்கம்மா, "எங்க வர்றா, பத்து மணிக்கு சாப்பாட்டைச் சுட வைக்கிறதே என் வேலை"ன்னு போட்டு உடைச்சாங்க. அந்த மேடம் சிரிச்சுட்டு பேனாவை மூடி வச்சுட்டாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் உண்மையைப் பேசினோம், எந்த நாள் லேட்டாகும், அப்ப யாரு இருப்பாங்க, அம்மாவுக்கு முடியலன்னா அடுத்து யாரு. அவங்களுக்குத் தேவை ஒன்பது டூ அஞ்சு வேலை இல்ல, நீங்க யோசிச்சு வச்சிருக்கீங்களான்னுதான் பாக்கறாங்க. அதனால ஒரு வார ரோஸ்டரை அப்படியே எழுதி, ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வீட்டுல யாருன்னு பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க.

4. காத்திருக்கற காலம், அப்ப வர்ற குறுக்குவழி

ரெண்டு வயசுக்குள்ள, உடம்புல பிரச்சனை இல்லாத குழந்தை கேட்டிருந்தா மூணு வருஷத்துக்கு மேல கூட ஆகும். பெரிய குழந்தைங்களுக்கும் சிறப்புத் தேவை உள்ள குழந்தைங்களுக்கும் இவ்வளவு காத்திருப்பு இல்ல, ஆனா சீக்கிரம் கிடைக்கும்ங்கற ஒரே காரணத்துக்காக அதை டிக் பண்ணாதீங்க, உங்க வேலை நேரத்துல தெரபிக்கு வாரம் மூணு நாள் போக முடியுமான்னு பாத்துட்டுப் பண்ணுங்க.

இந்த இடத்துலதான் நம்ம தொழில்காரங்களுக்குப் பெரிய பொறி. நமக்கு ஆஸ்பத்திரியில ஆள் தெரியும், ஸ்டேஷன்ல ஆள் தெரியும். "மேடம், ஒரு பொண்ணு குழந்தையை விட்டுட்டுப் போகப்போறா, நீங்கதான் தேடிட்டு இருக்கீங்களே"ன்னு ஒரு போன் எனக்கே வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. முறையா வராத குழந்தையைத் தத்துன்னு குடுத்தாலும் வாங்கினாலும் சிறார் நீதிச் சட்டம் 80-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். குழந்தையை வித்தா வாங்கினா அது 81-வது பிரிவு, அஞ்சு வருஷம். ஸ்டோரிக்குப் போன இடத்துல கைவிடப்பட்ட குழந்தையைப் பாத்தாலும் அதேதான், 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீஸுக்கோ குழந்தைகள் நலக்குழுவுக்கோ சொல்லிடணும், "நானே வளர்க்கறேன்"னு தூக்கிட்டு வர முடியாது. அந்தக் குழந்தை முறையா வந்தாலும் உங்களுக்கு முன்னாடி வரிசையில நிக்கறவங்களுக்குத்தான் போகும்.

5. அந்த 48 மணி நேரம்

குழந்தையோட போட்டோ, குழந்தையைப் பத்தின ரிப்போர்ட், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் போர்ட்டல்ல வரும், மெசேஜும் மெயிலும் வரும். 48 மணி நேரத்துக்குள்ள ரிசர்வ் பண்ணணும். இதுக்குப் பேரு ரெஃபரல், இந்த மாதிரி மூணு வாய்ப்புதான் உண்டு.

எனக்கு வந்தது 2023 மார்ச் 20, தமிழ்நாடு பட்ஜெட் அன்னைக்கு. காலையிலேர்ந்து சட்டசபை, அப்புறம் ப்ரெஸ் மீட், அப்புறம் டெஸ்க்ல உக்காந்து கட்டம் கட்டமா ஃபைல் பண்ணது. ராத்திரி பத்தரைக்கு ஆட்டோல வரும்போது மெசேஜ் பாக்கறேன். 147 படிக்காத மெசேஜுக்கு நடுவுல அது காலை பதினொண்ணு பதினாலுக்கு வந்து கெடக்கு. டிரைவர் பயந்துட்டாரு, அவ்வளவு சத்தமா "ஐயோ"ன்னிருக்கேன்.

அதனால, போர்ட்டல்ல குடுத்திருக்கற நம்பரும் மெயிலும் ப்ரெஸ் ரிலீஸ் வர்ற நம்பரா மெயிலா இருக்கக்கூடாது. தனியா ஒண்ணு வைங்க, வீட்டுல இன்னொருத்தருக்கும் பாஸ்வேர்ட் தெரியட்டும். லாகின் விவரத்தைப் பையிலயே வச்சிருங்க. ஒரு குழந்தை டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, மெடிக்கல் ரிப்போர்ட் வந்ததும் அனுப்பினா எந்த வார்த்தைக்குப் பயப்படணும் எதுக்கு வேணாம்னு அவங்க சொல்லிடுவாங்க. நான் நடுராத்திரி கூகுள் பண்ணி பாதி உயிர் போச்சு, டாக்டர் காலையில ரெண்டு நிமிஷத்துல "எடை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்"னாரு.

ரிசர்வ் பண்ணதுலேர்ந்து 30 நாளுக்குள்ள குழந்தை இருக்கற தத்து மையத்துக்கு நேர்ல போய் குழந்தையைப் பாத்து, தத்தெடுப்புக் கமிட்டி முன்னாடி உக்காந்து, ஏத்துக்கறோம்னு கையெழுத்து போடணும். குழந்தை வேற மாநிலத்துலயும் இருக்கலாம். பியூரோ சீஃப்கிட்ட "என்னைக்கு வேணா நான் ரெண்டு நாள்ல காணாமப் போவேன்"னு முன்னாடியே சொல்லி வைங்க.

6. லீவ் லெட்டர்: எனக்கு வயசு வரம்புதான் வில்லன்

நான் லீவ் கேட்டப்போ இருந்த நிலைமை இது. மகப்பேறு சட்டத்துல 2017 திருத்தப்படி தத்தெடுக்கற அம்மாவுக்கு 12 வாரம் சம்பளத்தோட லீவ் இருந்துச்சு, குழந்தை கைக்கு வந்த நாள்லேர்ந்து. ஆனா குழந்தை மூணு மாசத்துக்குள்ள இருக்கணும்னு இருந்துச்சு. இப்ப கணக்குப் போடுங்க. பெத்தவங்களே ஒப்படைச்ச குழந்தைன்னா மனசு மாறுனா திரும்ப வாங்கிக்க அவங்களுக்கு 60 நாள் டைம். கைவிடப்பட்ட குழந்தைன்னா பெத்தவங்களைத் தேடி விசாரிக்க ரெண்டு மாசம். அதுக்கப்புறம்தான் தத்துக்கு உகந்ததுன்னு அறிவிப்பு, அப்புறம் ரெஃபரல், அப்புறம் 30 நாள். மூணு மாசத்துக்குள்ள எந்தக் குழந்தைங்க வீட்டுக்கு வரும்? பாப்பா வரும்போது அஞ்சு மாசம். எச்ஆர்ல அந்தப் பொண்ணு பாலிசியை ஸ்க்ரோல் பண்ணிட்டு "அஞ்சு மாசமா மேம், அப்ப வராதே"ன்னா. பாவம், அவளைச் சொல்லி என்ன பண்றது. இந்த வரம்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கு, அதனால நீங்க கேக்கற அன்னைக்கு எது நடைமுறைன்னு உங்க கோர்ட் ரிப்போர்ட்டர்கிட்டயே கேட்டுட்டுப் போங்க. மத்திய அரசு ஊழியரா இருந்தா கதையே வேற, ஒரு வயசுக்குள்ள குழந்தைன்னா 180 நாள் தத்து லீவ் உண்டு.

நான் எப்படிச் சமாளிச்சேன்னா, காத்திருந்த காலத்துல ஈஎல்லை (சேத்து வைக்கக்கூடிய சம்பள லீவை) தொடவே இல்ல, 52 நாள் சேந்திருந்துச்சு. அதை மொத்தமா எடுத்தேன். அப்புறம் மூணு மாசம் வீட்டுலேர்ந்து டெஸ்க் வேலைன்னு எடிட்டர்கிட்ட பேசி வாங்கினேன். பேசி வாங்கினதோட விடாதீங்க, "நாம பேசினபடி இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும், இத்தனை மணிலேர்ந்து இத்தனை மணி வரைக்கும்"னு ஒரு மெயில் போட்டு பதில் வாங்கிடுங்க. நம்ம தொழில்ல எடிட்டர் எப்ப மாறுவாருன்னு யாருக்குத் தெரியும், என் விஷயத்துல நாப்பதாவது நாளே மாறினாரு. புதுசா வந்தவருக்கு அந்த மெயிலைத்தான் ஃபார்வர்ட் பண்ணேன்.

அம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற ஆபீஸ்னா க்ரெச் (குழந்தைகள் காப்பக) வசதி இருக்கணும், நாளைக்கு நாலு தடவை அம்மா போய்ப் பாக்கலாம். எங்க ஆபீஸ்ல அது எங்கன்னு கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. எழுத்துல கேளுங்க, அப்பதான் நகரும்.

7. பணம்

ஹோம் ஸ்டடிக்கு 6,000. பின்னாடி வீட்டுக்கு வந்து பாக்கற ஒவ்வொரு தடவைக்கும் 2,000, நாலு தடவை. நடுவுல மையத்துக்குக் கட்டற தொகைதான் பெருசு, ஆனா எல்லாம் சேந்தே ஒரு லட்சத்துக்குள்ள அடங்கிடும். அன்னைக்கு என்ன தொகைன்னு போர்ட்டல்லயே போட்டிருக்கும், அதுக்கு மேல "டொனேஷன்"னு யார் கேட்டாலும் குடுக்காதீங்க, ரசீது இல்லாம ஒரு ரூபா கூட வேணாம்.

நிஜ செலவு குழந்தை வந்தப்புறம்தான். பாத்துக்க ஆள் சம்பளம், லேட் நைட் கேப், ஃபார்முலா, தடுப்பூசி. ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல குழந்தையைச் சேர்க்க எந்த பேப்பர் போதும்னு முன்னாடியே கேட்டு வைங்க, தத்து உத்தரவு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொன்னா அந்த இடைப்பட்ட மாசங்களுக்குக் கையில பணம் வேணும்.

8. திரும்ப பீட்டுக்குப் போறதும், எழுதக்கூடாததும்

மாத்து ஏற்பாடு ஒண்ணு இருந்தா பத்தாது, ரெண்டு வேணும், அதுல ஒண்ணு நடந்தே வர்ற தூரத்துல இருக்கணும். இதை நான் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல கத்துக்கிட்டேன். அம்மா ஊருக்குப் போயிருந்தாங்க, பாத்துக்கற அக்கா வீட்டைச் சுத்தி இடுப்பளவு தண்ணி, ஆபீஸ்லேர்ந்து வரிசையா போன். ஒரு ரிப்போர்ட்டருக்கு அதை விடப் பெரிய நாள் கிடையாது, நான் பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு, கரண்ட் இல்லாம, பவர் பேங்க்ல போனைச் சொருகி கார்ப்பரேஷன் ஆளுங்ககிட்ட பேசிப் பேசி மத்தவங்க ஸ்டோரிக்கு விவரம் குடுத்துட்டு இருந்தேன். செய்தியில என் பேரு (பைலைன்) வரல. வயிறு எரிஞ்சுச்சு, பொய் சொல்லல. அடுத்த மாசம் முதல் வேலையா மூணாவது மாடி டீச்சர் அம்மாகிட்ட பேசி, புயல், எலெக்ஷன், பெரிய தலைவர் சாவு மாதிரி நாளுக்கு மட்டும்னு ஒரு ஏற்பாடு பண்ணேன்.

க்ரைம் பீட்ல இருந்தா கொஞ்ச நாள் மாத்தி கேளுங்க. குழந்தை சம்பந்தப்பட்ட கேஸ் ஒண்ணு ஃபைல் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தா தொட்டில் பக்கத்துலேர்ந்து நகர முடியாது. நான் கேட்டேன், ஹெல்த் பீட் குடுத்தாங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடல.

அப்புறம், எழுதற கை சும்மா இருக்காது. "உன் கதையையே ஒரு ஃபீச்சரா எழுதேன், போட்டோவோட போடலாம்"னு மகளிர் தினத்துக்கு முன்னாடி கண்டிப்பா கேப்பாங்க. சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவு எந்த ஊடகத்துலயும் அந்தக் குழந்தையோட பேரு, போட்டோ, ஸ்கூல், அடையாளம் தெரியற எதையும் போடக்கூடாதுங்குது, மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட. நமக்கு இது வேலையில தெரிஞ்ச சட்டம்தான். ஆனா ரெஃபரல் போட்டோவை ஆபீஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல போட நானே விரலைக் கொண்டு போனேன். தப்பிச்சேன்.

இன்னொண்ணு, பெத்தவங்க யாருன்னு தோண்டாதீங்க. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டுன்னு ரெண்டு போன்ல நம்மால கண்டுபிடிச்சுட முடியும், அதான் ஆபத்து. வேரைத் தேடற உரிமை குழந்தைக்குத்தான், 18 வயசுக்கு மேல அவளே கேக்கலாம், அதுக்கு முன்னாடின்னா நம்மளோட சேந்து. பாப்பா மையத்துலேர்ந்து வந்தப்போ போட்டிருந்த மஞ்ச கவுனும், கால்ல கட்டியிருந்த நம்பர் எழுதின துணிப் பட்டையும் ஒரு பிஸ்கட் டின்ல பத்திரமா வச்சிருக்கேன், என் ரிப்போர்ட்டிங் அவ்வளவுதான்.

9. கலெக்டர் உத்தரவு, ஃபாலோ அப், பர்த் சர்டிபிகேட்

குழந்தை முதல்ல தத்துக்கு முந்தைய வளர்ப்புங்கற கணக்குலதான் வீட்டுக்கு வரும். 2022 செப்டம்பர்லேர்ந்து தத்து உத்தரவு கோர்ட்டுல இல்ல, மாவட்ட கலெக்டர்தான் குடுக்கறாரு. மனு போட்ட ரெண்டு மாசத்துக்குள்ள முடியணும். குழந்தை இருந்த மையம் எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்துல நடக்கும். கலெக்டர் ஆபீஸ்ல உங்களைத் தெரிஞ்ச பிஆர்ஓ இருப்பாரு, அவரைப் பிடிக்கணும்னு தோணும். வேணாம். நாளைக்கு அதே கலெக்டரைப் பத்தி நீங்க எழுத வேண்டி வரும், அப்ப கை நடுங்கும்.

வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாப்பாங்க. என் ரெண்டாவது ஃபாலோ அப் 2024 ஏப்ரல்ல, சரியா எலெக்ஷன் வாரத்துல விழுந்துச்சு. 19-ம் தேதி ஓட்டுப்பதிவு. போன் பண்ணி கேட்டேன், நாலு நாள் தள்ளிக் குடுத்தாங்க. கேட்டா குடுப்பாங்க, சொல்லாம வீட்டைப் பூட்டிட்டுப் போயிடாதீங்க.

உத்தரவு வந்ததும் சான்றளிச்ச நகல் மூணு நாலு வாங்கிக்கோங்க, லேமினேட் பண்ணாதீங்க. அதை வச்சுத்தான் அம்மான்னு உங்க பேரு போட்ட பர்த் சர்டிபிகேட் வரும், ஆதார், பாஸ்போர்ட், ஸ்கூல் எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை. குடுக்கறதுக்கு முன்னாடி ட்ராஃப்ட்னு ஒண்ணு காட்டுவாங்க, அதுல எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாருங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். பன்னெண்டு வருஷமா ஊரார் காப்பியில தப்பு கண்டுபிடிச்ச நான் அன்னைக்கு சந்தோஷத்துல கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போட்டேன், என் இனிஷியலே தப்பு. திருத்தி வாங்க ஆறு வாரம் ஆச்சு.